கேளாமல் பெற்றவர்கள்: ஹாலே முதல் டோனாவூர் வரை விசுவாச ஊழியத்தின் வரலாறு

தமிழ்ப் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவரிடையே 'விசுவாச ஊழியம்' என்னும் தொடர் நன்கு வேரூன்றிய ஒன்று. திருச்சபையிடமிருந்தோ மிஷன் சங்கத்திடமிருந்தோ மாதச் சம்பளம் பெறாமல், மனிதரிடம் கைநீட்டாமல், உணவும் உடையும் பணிக்கான செலவும் ஜெபத்தின் வழியாகக் கிடைக்கும் என்று கடவுளை நம்பி நடத்தப்படும் சமயப்பணியை அது குறிக்கிறது. வேதாகமத்திலிருந்து நேரடியாக எடுக்கப்பட்ட, காலங்கடந்த ஒரு நெறியாகவே பெரும்பாலோர் அதைக் கருதினாலும், இன்று வழங்கும் வடிவில் அதற்குத் தெளிவான வரலாறு உண்டு. அந்த வரலாறு 1690களில் ஜெர்மனியின் ஹாலே நகரில் தொடங்கி, 1830களில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் முழு உருப்பெற்று, சித்தூர் வழியாக வத்திராயிருப்பை அடைந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டோனாவூரில் நிலைகொண்டது. கடவுளை நம்புதல் என்பது உள்ளத்து உணர்வாக நின்றுவிடாமல் பணப்பெட்டி, கடை பாக்கி, அரிசிப் பானை, கணக்கேடு ஆகியவற்றைக் கையாளும் முறையாக மாறியதே இந்த நெடிய தொடர்ச்சியின் உட்பொருள்.

நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு கூறியதைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்க முயன்றவர்கள் கிறிஸ்தவ வரலாற்றின் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அசிசி பிரான்சிசைப் பின்பற்றிய துறவியர், உடைமை ஏதுமின்றி உழைத்தும் இரந்தும் உண்பதை அதற்கு வழியாகக் கொண்டனர். சீர்திருத்தத்திற்குப் பிந்தைய புராட்டஸ்டண்டு நாடுகளிலோ, குருமார்களின் வாழ்க்கை அரசின் மானியத்தையும் தசமபாக வரியையும் சபையாரின் கட்டணத்தையும் சார்ந்து அமைந்தது. இரப்பதும் கூடாது, சம்பளமும் வேண்டாம் என்னும் மூன்றாம் வழியை வகுத்துக் கொடுத்தது பயட்டிசம் எனப்படும் பக்தி இயக்கத்தின் வழிவந்த சிலருடைய முயற்சியாகும். கோட்பாட்டுச் சரியைவிட மனமாற்றம், வேத வாசிப்பு, அன்றாட ஒழுக்கம் ஆகியவற்றுக்கு முதன்மை தந்து, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய லுத்தரன் சபைக்குள் எழுந்தது அவ்வியக்கம்.

ஹாலேயின் உண்டியல்

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே (1663–1727) 1692ஆம் ஆண்டு முதல் ஹாலே நகரை ஒட்டிய கிளௌகா என்னும் வறிய குடியிருப்பில் போதகராகவும், புதிதாக உருவாகிக்கொண்டிருந்த ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் பணியாற்றினார். பிச்சை கேட்டு வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு வேதபாடத்தின் தொடக்க அறிவுகூட இல்லாததைக் கண்ட அவர், தம் வீட்டின் கூடத்தில் ஏழைகளுக்கென ஓர் உண்டியலைப் பொருத்தினார். 1695ஆம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் ஒருவர் அதில் ஒரே தடவையாக நான்கு தாலரும் 16 குரோஷனும் இட்டார். தாலர் அக்காலத்து வெள்ளி நாணயம். குரோஷன் அதன் சில்லறை. அந்தத் தொகையை மூலதனமாகக் கொண்டு ஏழைப் பள்ளி தொடங்க முடிவெடுத்த பிராங்கே, அன்றே புத்தகங்கள் வாங்கச் செய்து, நாள்தோறும் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லித்தர ஏழை மாணவர் ஒருவரை வாரம் ஆறு குரோஷன் கூலிக்கு அமர்த்தினார். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய 27 புத்தகங்களில் நான்கு மட்டுமே திரும்பி வந்தன. மற்றவற்றை விற்றுவிட்டோ எடுத்துக்கொண்டோ அப்பிள்ளைகள் பள்ளிக்கு வராமலே போய்விட்டனர். அவர் மனம் தளராமல் மீண்டும் புத்தகம் வாங்கி, பாடம் முடிந்ததும் அவற்றைப் பள்ளியிலேயே வைத்துச் செல்லும்படி ஏற்பாடு செய்தார்.

இந்தச் சிறு தொடக்கத்திலிருந்து 1698இல் அடிக்கல் நாட்டப்பட்ட பெரிய அநாதை இல்லமும், அதைச் சூழ்ந்து பள்ளிகளும் அச்சகமும் புத்தகக் கடையும் மருந்தகமும் வளர்ந்தன. பிராங்கே இறந்த காலத்தில் அப்பள்ளிகளில் படித்தோர் தொகை 2,000ஐத் தாண்டியிருந்தது. கட்டுமானக் கூலி கொடுக்க வேண்டிய நாளில் பணப்பை வெறுமையாக இருந்ததையும், ஜெபித்தபின் எதிர்பாராத இடத்திலிருந்து தொகை வந்துசேர்ந்ததையும் அவர் விரிவாக எழுதி 1701இல் நூலாக வெளியிட்டார். ஆயினும் ஹாலே நிறுவனம் காணிக்கையை மட்டுமே நம்பி நிற்கவில்லை. பிராண்டன்பர்க் ஆட்சியாளரின் சலுகைகளும், தொலைநாடுகளுக்கும் அனுப்பப்பட்ட மருந்துகளின் விற்பனையும் அதைத் தாங்கின. ஜெபமும் வாணிகமும் ஒரே கூரையின்கீழ் இயங்கிய இந்த அமைப்பு, பின்வந்தோருக்கு முன்மாதிரியாக அமைந்தது.

ஹாலேக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சோவும் ஹாலேயில் பயின்றவர்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அவர்களை அனுப்பினாலும், அவர்களுடைய கடிதங்களைத் தொகுத்து 1710 முதல் ஜெர்மனியில் வெளியிட்டுப் பணியின் மீது ஆர்வத்தைத் தூண்டியது பிராங்கேயின் நிறுவனமே. தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் வந்துசேர, 1714–15இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. பணியைப் பற்றி எழுதி வெளியிடுதல், படித்தவர் மனமுவந்து கொடுத்தல் என்னும் இணைப்பு அப்போதே நிலைபெற்றுவிட்டது.

பிரிஸ்டலின் கணக்கேடு

பிராங்கேயின் மரபை முழுமையான நெறியாக்கியவர் ஜார்ஜ் முல்லர். 1805ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பிரஷ்யாவின் குரோப்பன்ஸ்டெட் என்னும் ஊரில், வரி வசூல் அலுவலர் ஒருவருக்கு மகனாகப் பிறந்த அவருடைய இளமை, பணத்தைப் பொறுத்தவரை மிக மோசமானது. தந்தையின் கையிலிருந்த அரசுப் பணத்தையே திருடியவர் அவர். தங்கிய விடுதிக்குக் கட்டணம் செலுத்தாததால் 16 வயதிலேயே சிறையில் அடைக்கப்பட்டார். ஹாலேயில் இறையியல் மாணவராக இருந்தபோது, 1825ஆம் ஆண்டு நவம்பரில் நண்பர் ஒருவருடன் சென்ற வீட்டு ஜெபக்கூட்டம் அவர் வாழ்வைத் திருப்பியது. ஏழை மாணவர்களுக்கென பிராங்கேயின் நிறுவனம் வைத்திருந்த இலவச அறைகளில் அவர் சில காலம் தங்கியதும் உண்டு.

1829இல் இங்கிலாந்துக்குச் சென்ற முல்லர், மறு ஆண்டு டெய்ன்மவுத் என்னும் கடலோர ஊரில் சிறு சபையொன்றின் போதகரானார். அவருக்கு ஆண்டுக்கு 55 பவுண்டு சம்பளம், இருக்கை வாடகையிலிருந்து கிடைத்தது. ஆலயத்தின் இருக்கைகளைக் குடும்பங்களுக்கு விலைவைத்துக் குத்தகைக்கு விடும் வழக்கமே இருக்கை வாடகை. அதன்படி பணக்காரர் நல்ல இடத்திலும் ஏழைகள் ஒதுக்குப்புறத்திலும் அமர நேர்ந்தது. இது யாக்கோபின் நிருபம் கண்டிக்கும் பாரபட்சம் என்றும், காலாண்டு முடிவில் மனமில்லாமல் கொடுக்கப்படும் பணம் காணிக்கை ஆகாது என்றும் கருதிய முல்லர், 1830ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் சம்பளத்தையே கைவிட்டு, விரும்புவோர் இட்டுச்செல்ல ஆலயத்தில் ஒரு பெட்டியை வைத்தார். அதே மாதம் அவர் மணந்த மேரி, எக்சிட்டர் நகரில் பல் மருத்துவராக இருந்த அந்தோணி நாரிஸ் குரோவ்சின் தங்கை. உலகில் செல்வம் சேர்க்க வேண்டாம் என்ற கட்டளையை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்று வாதிட்டு, 1825இல் குரோவ்ஸ் எழுதிய சிறு நூல் முல்லரின் முடிவுகளுக்குப் பின்புலமாக இருந்தது.

1832இல் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்து, 1834இல் வேத அறிவைப் பரப்பும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய முல்லர், 1835ஆம் ஆண்டு நவம்பரில் பிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் படிக்க நேர்ந்ததும் அநாதை இல்லம் அமைப்பதைப் பற்றிச் சிந்திக்கலானார். அவர் கூறிய காரணங்களின் வரிசை கவனிக்கத்தக்கது. பிள்ளைகளின் ஆன்மநலத்தையும் உடல்நலத்தையும் அவர் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவுமே வைத்தார். கடவுள் இன்றும் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதற்குக் கண்கூடான சான்று ஒன்றை நிறுவுவதே முதல் நோக்கம். அவர் சந்தித்த தொழிலாளர் பலர் நாளுக்கு 14, 16 மணி நேரம் உழைத்து, வேலையைக் குறைத்தால் குடும்பம் பட்டினி கிடக்கும் என்று அஞ்சி, ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் நேரமற்று வாடினர். முதியோரோ ஏழைகள் விடுதியில் போய் முடிய வேண்டிவருமோ என்று கலங்கினர். வறியோருக்கான உதவியைக் கடுமையாகச் சுருக்கி, விடுதிக்குள் வந்தால்தான் சோறு என்று விதித்த 1834ஆம் ஆண்டின் புதிய சட்டம் அந்த அச்சத்தை வளர்த்திருந்த காலம் அது. வணிகர்களோ மனச்சாட்சி உறுத்தினாலும் போட்டிக்கு அஞ்சி நேர்மையைத் தளர்த்தினர். இத்தகையோருக்கு ஆயிரம் பிரசங்கங்களைவிட ஒரு கட்டடம் பயன்படும் என்பது முல்லரின் எண்ணம்.

ஒரு வாடகை வீடு, பாத்திர பண்டங்கள், பணியாளர், பணம் ஆகிய அனைத்துக்காகவும் தனித்தனியே ஜெபித்து ஆயத்தம் செய்த அவர், 1836ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாளை விண்ணப்பம் பெறும் நாளாக அறிவித்து அறையில் காத்திருந்தார். ஒருவர்கூட வரவில்லை. பிள்ளைகளை அனுப்பும்படி மட்டும் தாம் ஜெபிக்கவே இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்ததாக அவர் எழுதியுள்ளார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரல் 11ஆம் நாள் வில்சன் தெருவில் பெண் குழந்தைகளுக்கான முதல் இல்லம் திறக்கப்பட்டது.

வில்சன் தெரு இல்லங்களின் முதல் பத்தாண்டு மிகக் கடினமானது. பல நாள்களில் அடுத்த வேளைக்கு ரொட்டியும் பாலும் வாங்கப் போதுமான காசு இல்லாமல் விடிந்தது. 1838 செப்டம்பரில் கையிருப்பு அறவே தீர்ந்த ஒரு நாளில், வெளியூரிலிருந்து வந்து இல்லத்தின் அண்டை வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண்மணி, தம் மகள் கொடுத்தனுப்பிய மூன்று பவுண்டு சொச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பணம் பல நாள்களாகவே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது என்பதையும், முன்னரே தரப்பட்டிருந்தால் பற்றாக்குறையின் அனுபவமே வாய்த்திராது என்பதையும் முல்லர் நாட்குறிப்பில் பதிந்தார். தமிழகப் பிரசங்க மேடைகளில் அவரைப் பற்றிச் சொல்லப்படும் திகைப்பூட்டும் கதைகளைக் காட்டிலும், பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் என்று தொகை தவறாமல் குறிக்கப்பட்ட இத்தகைய சிறு பதிவுகளே அவருடைய எழுத்தில் பக்கம் பக்கமாக நிறைந்துள்ளன.

அந்த நாட்குறிப்பிலிருந்தும் ஆண்டறிக்கைகளிலிருந்தும் அவர் கடைப்பிடித்த நடைமுறையைத் தெளிவாக வகுக்கலாம். முதலாவது, கடன் வாங்குவதில்லை. ரொட்டிக்காரருக்கும் பால்காரருக்கும் வாரக் கணக்கு வைத்துப் பின்னர் தீர்ப்பதுகூட ஒருவகைக் கடனே என்று கண்டு, பின்னாளில் அதையும் நிறுத்தி அன்றன்று ரொக்கம் கொடுக்கும் முறைக்கு அவர் மாறினார். இரண்டாவது, இல்லத்தின் தேவையைப் பணியாளர் தவிர வெளியாள் எவருக்கும் சொல்வதில்லை. நேரில் கேட்பவருக்கும் கையிருப்பைத் தெரிவிப்பதில்லை. 1841ஆம் ஆண்டு டிசம்பரில் நெருக்கடி முற்றியிருந்தபோது, வழக்கமான ஆண்டுக் கூட்டமும் அறிக்கையும் மறைமுக வேண்டுகோளாகத் தோன்றிவிடும் என்று அவற்றைத் தள்ளிவைத்தார். மூன்றாவது, வரவும் செலவும் பிறரால் சரிபார்க்கப்பட்டு ஆண்டுதோறும் அச்சாக வேண்டும். காணிக்கை கொடுத்தவரின் பெயரை வெளியிடாமல், இலக்கமிட்ட ரசீதைக் கொடுத்து, அந்த இலக்கத்தை அறிக்கையில் தேடித் தம் காசு பதிவானதை அவரே சரிபார்த்துக்கொள்ளும் வசதியையும் முல்லர் செய்தார். விளம்பரத்துக்குக் கொடுப்பவரைத் தவிர்க்கவும் கையாடலுக்கு இடமின்றிச் செய்யவும் இந்த ஒரே ஏற்பாடு உதவியது.

வில்சன் தெருவிலிருந்து இடம்பெயர நேர்ந்ததும் ஒரு சாதாரணக் காரணத்தால்தான். பிள்ளைகள் விளையாடும் சத்தமும் கழிவுநீர்ச் சிக்கலும் தொல்லை தருவதாக 1845ஆம் ஆண்டு அக்டோபரில் தெருவாசி ஒருவர் பணிவாக எழுதிய கடிதத்தை முல்லர் நியாயமென ஏற்றார். நகருக்கு வெளியே ஆஷ்லி டவுன் மேட்டில் 1849இல் 300 பிள்ளைகளுக்கான முதல் கட்டடம் எழுந்தது. 1870க்குள் ஐந்து கட்டடங்களில் 2,050 பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. 1898 மார்ச் 10ஆம் நாள் 92 வயதில் முல்லர் மறைந்தபோது, அவர் காலத்தில் வளர்க்கப்பட்ட அநாதைகள் 10,000க்கு மேல். பல்வேறு பணிகளுக்காக அவர் கைவழியே சென்ற தொகை ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு. அவர் விட்டுச்சென்ற சொந்தச் சொத்தோ, தட்டுமுட்டுச் சாமானும் புத்தகங்களும் சேர்த்து, 160 பவுண்டு அளவே.

தம் விசுவாசம் சிலருக்கு மட்டும் அருளப்பட்ட தனிவரம் அன்று, கிறிஸ்தவர் ஒவ்வொருவரிடமும் உள்ள அதே விசுவாசம் பயிற்சியால் வலுப்பெற்றது என்பதை அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். அந்தப் பயிற்சிக்கு ஒரு தினசரி ஒழுங்கும் இருந்தது. எழுந்தவுடன் ஜெபிக்க முயன்று மனம் அலைபாய்ந்து அரை மணி நேரத்தை இழந்துவந்த அவர், 1841இல் அந்த வரிசையை மாற்றி, முதலில் வேதப்பகுதியைத் தியானித்து அதிலிருந்தே ஜெபத்துக்குச் செல்லும் முறையை மேற்கொண்டார். வேதாகமத்தை 100 தடவைக்கு மேல் முழுமையாக வாசித்த ஒருவரின் நம்பிக்கை எங்கிருந்து வளர்ந்தது என்பதற்கு இந்தக் காலை வழக்கமே விடை.

சித்தூரும் கிறிஸ்தியான்பேட்டையும்

முல்லரின் மைத்துனர் குரோவ்ஸ் ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டிய மருத்துவ வருவாயை விட்டுவிட்டு, எந்த மிஷன் சங்கத்தையும் சாராமல் 1829இல் பாக்தாத் சென்றார். 1831ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் மனைவியை இழந்தபின், 1833இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் அவர் சந்தித்த பிரஷ்ய நாட்டு மிஷனெரி ரேனியஸ் (1790–1838), 1820 முதல் பாளையங்கோட்டையை மையமாகக் கொண்டு, புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியோருக்குத் தனிக் கிராமங்கள் அமைத்தும் உபதேசியார்களுக்கான பயிற்சிப் பள்ளி நடத்தியும் வந்தவர். கிராமச் சபையை மேய்த்து, பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித்தரும் உள்ளூர்ப் பணியாளரே உபதேசியார். அவருடைய மாதச் சம்பளம் ஐரோப்பிய மிஷன் சங்கத்தின் நிதியிலிருந்து வந்தது.

அந்தப் பள்ளியில் பயின்றவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810இல் உக்கிரன்கோட்டையில் பிறந்த அவர் குரோவ்சுடன் சேர்ந்து பல ஊர்களில் பணியாற்றினார். 1837 முதல் சித்தூரில் தங்கிய குரோவ்ஸ், நிலத்தை உழுது உழைப்பால் பிழைத்துக்கொண்டே சுவிசேஷம் சொல்லும் குடியிருப்பு ஒன்றை அமைக்க முயன்றார். அங்கு மேற்கொண்ட பட்டுத் தொழில் நட்டத்தில் முடிந்து, அவருடைய பிற்கால வாழ்வில் பெருஞ்சுமையானது. கடவுளை நம்பி வாழ்வதைப் பிறருக்குக் கற்பித்தவரின் தொழில் முயற்சி தோற்றதும், அவருடைய நூலால் ஊக்கம்பெற்ற முல்லரின் நிறுவனம் கடனே இன்றி வளர்ந்ததும் இவ்வரலாற்றின் முரண்களில் ஒன்று. 1853இல் குரோவ்ஸ் உயிர்நீத்தது பிரிஸ்டலில் முல்லரின் வீட்டில்தான்.

அருளப்பனோ சம்பள ஏற்பாட்டை ஏற்க மறுத்து, 1840இல் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை அமைத்தார். அன்றைய மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருந்த அவ்விடத்தில், அவரும் உடன் வந்தோரும் விவசாயம் செய்து பிழைத்துக்கொண்டே சுற்றுவட்டாரங்களில் ஊழியம் செய்தனர். முல்லருக்குச் சம்பள மறுப்பு ஏழை பணக்காரர் பாகுபாட்டை எதிர்க்கும் செயலாக அமைந்ததென்றால், அருளப்பனுக்கு அது வேறொரு பொருளையும் தந்தது. சம்பளம் கொடுப்பவர் ஐரோப்பியராகவும் வாங்குபவர் தமிழராகவும் இருந்த காலத்தில், மிஷனெரி சொன்ன ஊருக்குப் போவதும் அவர் விலக்கினால் விலகுவதும் உபதேசியாரின் நிலைமை. சம்பளத்தை வேண்டாமென்றவர் எங்குப் பிரசங்கிப்பது, யாருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, யாருடன் சேர்ந்து பந்தி அமர்வது என்பதைத் தாமே தீர்மானிக்க முடிந்தது.

1860இல் அருளப்பனின் சபைகளில் தொடங்கித் திருநெல்வேலியின் பிற சபைகளுக்கும் பரவிய எழுப்புதலில் பாவ அறிக்கை, கண்ணீர், தரிசனம் ஆகியவற்றோடு பெண்களும் எழுந்து பேசியதும் ஜெபித்ததும் ஐரோப்பிய மிஷனெரிகளிடையே பாராட்டையும் ஐயத்தையும் ஒருங்கே தோற்றுவித்தன. 1867இல் அருளப்பன் மறைந்தார். வெளிநாட்டுச் சங்கம் ஒன்றின் ஊதியமும் மேற்பார்வையும் இன்றித் தமிழர் ஒருவரால் சபைகளை நிறுவி நடத்த முடியும் என்பதை அவர் வாழ்க்கை காட்டியது.

டோனாவூரின் பொதுவாழ்வு

ரேனியஸ் அமைத்த கிராமங்களுள் டோனாவூரும் ஒன்று. நிதியுதவி செய்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரே அவ்வூருக்கு இடப்பட்டது. அங்கு 1901 முதல் நிலைகொண்ட ஏமி கார்மைக்கேல், 1867இல் வட அயர்லாந்தின் மில்லைலில் பிறந்தவர். முல்லரின் ஆதரவும் முன்மாதிரியும் பெற்று ஹட்சன் டெய்லர் 1865இல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷன், நிதி கேட்பதில்லை, கடன்படுவதில்லை, பணியாளருக்கு நிலையான ஊதியம் உறுதியளிப்பதில்லை என்னும் விதிகளால் அறியப்பட்டது. அதில் சேர விண்ணப்பித்து உடல்நலக் குறைவால் ஏற்கப்படாத ஏமி, 1895இல் பெங்களூருக்கும் பின்னர் திருநெல்வேலிக்கும் வந்தார். 1901ஆம் ஆண்டு மார்ச்சில் கோயில் பணிக்கு ஒப்படைக்கப்படவிருந்த சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் புகுந்ததிலிருந்து குழந்தைகள் இல்லம் வளரத் தொடங்கியது. பெண்களைக் கோயில்களுக்கு அர்ப்பணிக்கும் தேவதாசி முறையைச் சென்னை மாகாணச் சட்டம் 1947இல்தான் ஒழித்தது.

டோனாவூரில் பணத்துக்காக எவரிடமும் விண்ணப்பிக்கும் வழக்கம் இல்லை. ஊழியர்க்குச் சம்பளமும் இல்லை. ஏமியை எல்லாரும் 'அம்மா' என்றனர். குழந்தைகளை வளர்த்த பெண் ஊழியர் 'சித்தி' என்றும், ஆண் ஊழியர் 'அண்ணாச்சி' என்றும் அழைக்கப்பட்டனர். சம்பளம் வாங்கும் பணியாளும் கொடுக்கும் முதலாளியும் இல்லாத குடும்பமாக நிறுவனத்தை நடத்த இந்த நெல்லை வழக்கின் உறவுமுறைகள் உதவின. 1916இல் ஏமி ஏழு இந்தியப் பெண்களுடன் 'பொதுவாழ்வின் சகோதரிகள்' என்னும் குழுவை உருவாக்கினார். பதினான்காம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் தோன்றிய பொதுவாழ்வுச் சகோதரர் இயக்கத்தை நினைவூட்டும் அப்பெயரின் கருத்து, வேதம் படிப்பதும் குழந்தையின் துணி துவைப்பதும் ஒரே தரமான ஊழியம் என்பதாகும். கைவேலையை இழிவாகக் கருதிய சாதிச் சமூகத்தில், அடுப்பங்கரையும் நோயாளியின் படுக்கையும் ஜெப அறைக்குச் சமம் என்று சொன்னது சிறிய மாற்றம் அன்று. 1927இல் டோனாவூர் ஐக்கியம் என்னும் பெயரில் தனி அமைப்பாகப் பதிவுபெற்ற அந்நிறுவனத்தை, 1931இல் கீழே விழுந்து நடமாட்டம் இழந்தபின்னும், 1951 ஜனவரி 18ஆம் நாள் இறக்கும்வரை ஏமி தம் அறையிலிருந்தே வழிநடத்தினார்.

பிடியரிசியும் மதிப்பீடும்

கேளாமையே கடவுளை நம்புவதன் ஒரே வடிவமாகத் தமிழகத்தில் நிற்கவில்லை. 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் வி. எஸ். அசரியா முதலியோரால் தொடங்கப்பட்ட திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டு ஆளும் இன்றி நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியபோது, தன் சொந்த மக்களிடம் வெளிப்படையாகவே கேட்டது. உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, சேர்ந்ததை ஆலயத்தில் படைக்கும் பிடியரிசிக் காணிக்கை தென்மாவட்டச் சபைகளின் பெண்கள் போற்றிய வழக்கம். கையில் காசு புழங்காத குடும்பத்தின் பெண்ணும் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே பொருளான அரிசியிலிருந்து கொடுக்க முடிந்தது. தன் வீட்டார் ஒரு பிடி குறைவாக உண்டாலும் குறைவுபட மாட்டார்கள் என்னும் நம்பிக்கையை நாளுக்கு இரண்டு வேளை செயலில் காட்டிய அவள், முல்லரின் நெறியை அறியாமலே அதன் சாரத்தைக் கடைப்பிடித்தாள் எனலாம்.

விசுவாச ஊழியத்தின் வரலாற்றை எடைபோடுவோர் அதன் வரம்புகளையும் குறிப்பிட வேண்டும். யாரிடமும் கேட்கவில்லை என்று முல்லர் சொன்னாலும், அவருடைய வரலாற்று நூலும் ஆண்டறிக்கைகளும் உலகெங்கும் பரவி, அவை எவ்வேண்டுகோளையும்விட வலுவாகப் பேசின என்று அவர் காலத்திலேயே விமர்சனம் எழுந்தது. ஏமி எழுதிய 30க்கு மேற்பட்ட நூல்களைப் பற்றியும் இதையே கூறலாம். தொழிற்புரட்சியாலும் பேரரசாலும் செழித்த பிரிட்டனின் நடுத்தர வகுப்பு இல்லையேல் அக்காணிக்கைகள் அந்த அளவில் வந்திருக்கமாட்டா என்பதும் உண்மை. இக்காரணங்கள் அவர்களுடைய நம்பிக்கையைப் பொய்யாக்கிவிடவில்லை. பணம் எந்த வழியாக வந்தது என்பதை வரலாறு விளக்கலாம்; அது வராத நாள்களிலும் கடன் வாங்காமலும் ஒளித்து வைக்காமலும் பொறுத்திருந்த மனத்தை அந்த விளக்கம் முழுதும் அளந்துவிடாது.

இன்று சம்பளமில்லாத ஊழியம் என்ற அளவில் 'விசுவாச ஊழியம்' என்னும் பெயர் பரவலாக வழங்குகிறது. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வங்கிக் கணக்கு எண்ணைக் காட்டி அன்றாடம் காணிக்கை கேட்கும் அமைப்புகளும் அப்பெயரையே சூடிக்கொள்கின்றன. பிரிஸ்டல் மரபின் மூன்று விதிகளுள் கடன்படாமையும் கேளாமையும் ஓரளவேனும் நினைவில் நிற்க, சரிபார்க்கப்பட்ட கணக்கை அச்சிட்டுக் கொடுப்பவரின் கையில் தரும் மூன்றாம் விதி ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. கடவுளை நம்புவதாகச் சொல்லிக்கொள்வோர் மனிதருக்குக் கணக்குக் காட்டத் தயங்கலாகாது என்பதே முல்லரின் ஆண்டறிக்கைகள் விட்டுச்சென்ற பாடம். காணிக்கை கொடுக்கும் சபையார் அந்தக் கணக்கைக் கேட்பது அவிசுவாசம் ஆகாது; அது இம்மரபு அவர்களுக்கு வழங்கியுள்ள உரிமை.